ஒதுக்கிய பாதி

என் வாயைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாராவது "எனக்கென்னவோ தோணுது" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோன்றுவதற்கு என்ன மதிப்பு? எத்தனை சதவீதம், எத்தனை மில்லிகிராம், அதைச் சொல்லுங்கள். மூலிகைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டினால் இப்படித்தான் ஆகும் என்று என் தங்கை சொல்வாள். நான் முன்பிருந்தே இப்படித்தான் என்பதை அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். எனக்கு ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் அவள்.

அவளுக்கு நான்கு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவளுக்கு மாத்திரை கொடுத்தது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது எல்லாம் நான்தான். எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்கமாட்டாள். பார்க்கவும் மாட்டாள். உள்ளங்கையை நீட்டுவாள், வைத்ததை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். கல்யாணமாகி, தையல்கடை வைத்து, நாற்பது வயது தாண்டியும் இதில் மாற்றம் இல்லை. தைத்துக்கொண்டிருக்கும் துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் என் பக்கம் நீட்டுவாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்களோடுதான் இருக்கிறேன். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மாப்பிள்ளை என்பேன். மூன்று பேருக்கும் ஒத்துப்போனது.

மிதித்து மிதித்துத் தைத்ததில் அவளுக்கு முழங்கால் கெட்டுப்போனது. அதற்குத்தான் மூட்டுவேர். ஒரு கொடியின் வேரை வட்ட வட்டமாக நறுக்கிக் காயவைத்தது. ஒரு சின்னப் பிடி எடுத்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பாதியாக வற்றியதும் வடிகட்டிக் குடிக்க வேண்டும். அது எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருடத்தில் மூன்று நான்கு முறை சோதனைக்கு வரும் சரக்கு. கடையில் ஏன் வாங்க வேண்டும்?

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீழே கிடங்கு, மாடியில் நாங்கள். மூட்டைகள் வந்து இறங்கியதும் நான் கீழே போய் ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவில், அடியில் என்று கைவிட்டு ஒரு பிடி எடுத்துவருவேன். எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ தேறும். சோதனைக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால் அதைத் தட்டில் குவித்து, தட்டையாக்கி, அளவுகோலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நாலாகப் பிரிப்போம். எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடுவோம். வைத்துக்கொண்டதை மறுபடி கலந்து மறுபடி பிரிப்போம். கடைசியில் நிற்கும் அரைக் கிலோதான் மொத்தச் சரக்குக்கும் சாட்சி. அதில்தான் ஈரம் எவ்வளவு, எரித்தால் சாம்பல் எவ்வளவு, மண் கலந்திருக்கிறதா, எல்லாம் பார்ப்பது. பிறகு தகட்டுச் சோதனை. வேரின் சாற்றை ஒரு தகட்டின் அடியில் பொட்டு வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், சாற்றில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்துக்கு ஏறி நின்றுவிடும். எந்த உயரத்தில் எந்த நிறத்தில் கோடு என்று பார்த்தால் அசல் எது, போலி எது என்று சொல்லிவிடலாம்.

பிரிப்பதற்கு ஒரு விதி உண்டு. எங்கள் தலைமை ஆய்வாளர் தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்: முதலில் அரை, பிறகு பிரி. பேசுவதற்கு முன்னால் வார்த்தையை எடை போட்டுப் பார்ப்பவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. தராசு சார் இதை வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுவார். தூள் கலக்கும், துண்டு கலக்காது. துண்டுகளைக் கிளறினால் கலந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

நான் மூட்டுவேரை மட்டும் முதலில் பிரித்தேன், பிறகு அரைத்தேன். மூன்று வருடமாக அப்படித்தான். ஏனென்றால் ஒதுக்கிய பங்கு குப்பைக்குப் போகாது. சரக்கு தேறிவிட்டால் வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது எங்கள் கூடத்தின் வழக்கம். தூளாக எடுத்துப் போனால் கஷாயம் கலங்கும், எவ்வளவு வடிகட்டினாலும் தொண்டையில் நறநறக்கும் என்று தங்கை முகத்தைச் சுளிப்பாள். அவளுக்குத் துண்டுதான் வேண்டும். துண்டாகவே கொண்டுபோனேன். அதுவும் அன்றே எடுத்துக்கொண்டு ஓடியதில்லை. உறையில் போட்டு ஒட்டி, முடிவு வந்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எடுப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. ஊரில் யார் வீட்டுக் கஷாயத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது?

அந்த முறை வந்தது இருபத்திரண்டு மூட்டை. கடைசி மூன்று மூட்டையின் வேரைத் தட்டில் கொட்டும்போது தட்டு நிறைந்துவிட்டது. ஓரமாகச் சரித்துவிட்டு, வழக்கமாக ஏழெட்டுத் தடவை கிளறுபவள் இரண்டு தடவை கிளறினேன். அவசரம் ஒன்றும் இல்லை, அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பழகிய வேலை என்ற அலட்சியம். கோடு போட்டேன், எதிரெதிரே இரண்டு பங்கை ஒதுக்கினேன். வைத்துக்கொண்ட பங்கு எல்லாச் சோதனையிலும் தேறியது. தகட்டில் கோடுகள் அத்தனை சுத்தமாக வந்ததால் பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒதுக்கிய ஒன்றரைக் கிலோவைச் சமையலறையில் பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தேன். ஏழெட்டு மாதத்துக்குத் தாங்கும்.

முதல் வாரத்திலேயே தங்கை சொன்னாள்.

"அக்கா, இந்தத் தடவ வேற மாதிரி கசக்குது."

"கசக்காம இனிக்குமா?"

"அதில்லக்கா. எப்பவும் நாக்குல கசக்கும், போயிடும். இது தொண்டையில போய் உக்காந்துக்குது."

"உன் நாக்கு என்னடி, மெஷினா? நான் டெஸ்ட் பண்ணுன சரக்கு. எல்லாம் அளவுக்குள்ள இருக்கு. பேசாம குடி."

சிரித்தாள். "சரிம்மா, ஆபீசர் சொன்னா சரிதான்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள். டம்ளரை நானே வாங்கிக் கழுவி வைத்தேன்.

மூன்றாவது மாதத்தில் சோர்வு என்றாள். நான்காவது மாதத்தில் காலையில் முகம் உப்பியிருந்தது, சாயங்காலம் செருப்பு காலில் ஏறவில்லை. துணி வெட்டிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் தலைவைத்துத் தூங்கிவிடுகிறாள் என்று மாப்பிள்ளை வந்து சொன்னார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்றார்கள்.

சிறுநீரக மருத்துவர் சின்ன வயதுப் பெண். பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு கேட்டார். "நாட்டு மருந்து, வேர், கஷாயம், ஏதாவது சாப்பிடுறீங்களா?"

தங்கை வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். மூட்டுவேர் குடிக்கிறாள், அதனால் இது வந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அதைச் சோதித்தவளே நான்தான் என்றேன். மறுநாள் சான்றிதழின் நகலையே கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். வேர் என்றாலே விஷம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். "ரிப்போர்ட் நல்லா இருக்கு. இருந்தாலும் நிறுத்திடுங்க" என்றார்.

வெளியே நடைபாதையில் தங்கை என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நிறுத்திடவாக்கா?"

"அந்தம்மாவுக்கு வேருன்னாலே அலர்ஜி. அதையும் நிறுத்திட்டா உன் மூட்டு என்ன ஆகும்? குடி."

குடித்தாள். இன்னும் ஆறு வாரம் குடித்தாள்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்காகியிருந்தது. மருத்துவர் அவளைப் பார்த்து, "அந்தக் கஷாயத்த நிறுத்திட்டீங்கல்ல?" என்றார். தங்கை ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "அன்னைக்கே நிறுத்திட்டேன் டாக்டர்" என்றாள். நான் தலைகுனியக்கூடாது என்று சொன்ன பொய் அது. நான் அதைத் திருத்தவில்லை.

சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இந்த மாதிரி சேதத்த நாங்க ஒரு குறிப்பிட்ட வேர் சாப்பிட்டவங்ககிட்டதான் பார்க்கிறோம். உங்க மூட்டுவேர் இல்ல, அது மாதிரியே இருக்கிற இன்னொரு கொடியோட வேர். வீட்ல மிச்சம் இருந்தா டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நீங்கதான் அந்த வேலையில இருக்கீங்களே."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. என்னையே சோதிக்கச் சொல்கிறாரா? செய்து, மூஞ்சியில் விட்டெறிந்தாற்போல் காட்டிவிட்டு வருகிறேன் என்றுதான் ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கால் ஜாடி மிச்சம் இருந்தது.

அன்று விதிப்படி செய்தேன். முதலில் முழுவதையும் அரைத்தேன், ஒரு பிடி துண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு. சாறு எடுத்து, தகட்டில் மூன்று பொட்டு வைத்தேன். ஒன்று அசல் மூட்டுவேர். ஒன்று அந்த இன்னொரு கொடியின் விஷம், அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் சின்னக் குப்பியிலிருந்து. நடுவில் ஜாடி. கரைப்பான் ஏற முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, மருத்துவரிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

தகட்டை எடுத்து உலர்த்தியபோது, கோடுகளைக் காட்டும் புற ஊதா விளக்கு கூடத் தேவைப்படவில்லை. குப்பியின் பொட்டு ஏறிய அதே உயரத்தில், நடுவிலும் மஞ்சளாக ஒரு கோடு. மங்கலான கோடாக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். பளிச்சென்று இருந்தது.

தனியாக வைத்த துண்டுகளை லென்ஸில் பார்த்தேன். இரண்டு வகை இருந்தன. இரண்டுமே வட்டம், இரண்டிலும் வண்டிச் சக்கரம் மாதிரி ஆரக்கால்கள். ஒன்றில் ஆரக்கால்கள் நெருக்கம், ஒன்றில் கொஞ்சம் அகலம். அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு, மூன்று வருடத்துக்குப் பாதுகாக்க வேண்டும் என்று நாங்கள் அடுக்கிவைக்கும் மாதிரிகளில் அதே சரக்கின் உறையைத் தேடி எடுத்துச் சோதித்தேன். அதில் ஒன்றும் இல்லை. சுத்தம். நான் வைத்துக்கொண்ட பங்கில் விஷம் இல்லை, நான் ஒதுக்கிய பங்கில்தான் அத்தனையும். தட்டு நிறைந்துபோய் ஓரமாகச் சரித்த அந்த மூன்று மூட்டை என் கண்முன் வந்தது. என் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நல்ல பாதியைச் சோதித்துவிட்டு, கெட்ட பாதியைப் பத்திரமாக உறையில் போட்டு ஒட்டி, என் குழந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தங்கை என்று எழுத வந்தது இப்படி வந்துவிட்டது. இருக்கட்டும், இதுவும் உண்மைதான்.

தராசு சாரிடம் இரண்டு தகடுகளையும் கொண்டுபோய் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ரிப்போர்ட்ட யாரும் குத்தம் சொல்ல முடியாதும்மா. அப்பழுக்கில்லாம இருக்கு" என்றார். பிறகு தகட்டைத் திருப்பி வைத்துவிட்டு, "அரச்சிட்டுப் பிரிச்சியா, பிரிச்சிட்டு அரச்சியா?" என்றார்.

"பிரிச்சிட்டு."

"ஏன்?"

"என் தங்கச்சிக்குத் தூள் பிடிக்காது சார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அந்தச் சரக்கு போன எல்லா இடத்துக்கும், அதைப் பயன்படுத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று கடிதம் எழுதினார். நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொன்னேன். அடியில் அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருந்தன. விசாரணை முடியும்வரை நான் வேலைக்கு வர வேண்டாம் என்று முடிவானது. பத்தொன்பது வருடத்தில் எந்த மேஜையை விட்டு நகரமாட்டேன் என்று இருந்தேனோ, அதைத் துடைத்துவிட்டு வந்தேன்.

அதெல்லாம் பெரிதில்லை. அவளிடம் சொல்ல வேண்டும்.

சொல்லாமலும் இருந்திருக்கலாம். முடிவைக் காட்டியபோது மருத்துவர், தன்னிடமிருந்து எதுவும் வெளியே போகாது என்றார். காரணம் தெரிந்தால் சிறுநீரகம் திரும்ப வரப்போவதில்லை. நாற்பத்தோரு வருடமாக என்னிடம் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுகிறவள், இனிமேலும் அப்படியே நீட்டுவாள். அந்தக் கை வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் அந்தக் கை அப்படி நீண்டதால்தான் இது நடந்தது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

டயாலிசிஸ் அறையில் அவளுக்கு நான்கு மணி நேரம். ஒரு கையில் குழாய், மற்ற கையில் யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துத் தைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். எத்தனை மூட்டை, எந்தத் தேதி, எப்படிப் பிரித்தேன், எதைக் கொண்டுவந்தேன். நடைபாதையில் குடி என்று சொன்னதையும் விடவில்லை. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

அவள் ரவிக்கையை மடியில் வைத்துவிட்டாள். இயந்திரத்தில் தன் ரத்தம் சுற்றிவருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கசக்குதுன்னு சொன்னேனேக்கா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடக்கும்போது எந்தக் குரலில் பேசுவாளோ அந்தக் குரல். நான் அழுதேன். அந்த அறையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள், அவர்கள் முன்னால்தான் அழுதேன். அவள் அழவில்லை. குழாய் இல்லாத கையால் என் முழங்கையைத் தொட்டு, "அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா ரிப்போர்ட் படிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

மாப்பிள்ளை என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்கக்கா." பிறகு வெளியே போய், காலையில் கழுவிய வேனை மறுபடி கழுவினார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிதிக்க முடியாது, சும்மா உட்கார்ந்து பட்டன் பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டரை மணி மாத்திரைகளைக் கொண்டுபோனேன். வழக்கம்போல் கையை நீட்டினாள். வைத்தேன். கை வாய்க்குப் போகவில்லை. துணியிலிருந்து கண்ணை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இது எதுக்குக்கா, இந்த வெள்ளை?"

"பிரஷருக்கு."

"அந்தச் சின்னது?"

"சத்து மாத்திர. ரத்தம் ஊற."

"அட்டையக் கொண்டுவாயேன்."

கொண்டுவந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பெயரையும் தேதியையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். அப்படிப்பட்டவள்தான்.

"தப்பா நினைக்காதக்கா" என்றாள்.

"இல்லடி. கேளு. தினமும் கேளு."

வெள்ளை மாத்திரையை எடுத்து முதலில் நாக்கின் நுனியில் வைத்தாள். விழுங்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அவள் நாக்கு சரி என்று சொல்லட்டும் என்று.